முந்நூற்று ஐம்பத்திரண்டாம் பக்கம்

முன்னால் நிற்கும் லாரியின் பிரேக் ‘புஸ்’ என்று காற்று விடுகிறது. அமீருதீன் தலையைத் தூக்கவில்லை. ஸ்டியரிங்மேல் விரித்திருந்த புத்தகத்தை முழங்கையால் அமுக்கிக்கொண்டு சாவியைத் திருப்புகிறார். நாற்பதடிப் பெட்டி ஏற்றிய டிரெய்லர் பத்தடி நகர்ந்து நிற்கிறது. இஞ்சின் அணைந்ததும் விட்ட வரியிலேயே கண் போய் உட்காருகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டைப் பார்த்து நிற்கும் அத்தனை வண்டிகளிலும் டிரைவர்கள் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்க, பக்கம் புரட்டுகிறவர் இவர் ஒருவர்தான்.

தண்டையார்பேட்டைக்காரர். வயது ஐம்பத்து மூன்று. காக்கிச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி. படிக்க உட்காருமுன் கையை இரண்டு தடவை துடைப்பார். முதலில் வண்டி துடைக்கிற பனியன் துணியில். அப்புறம் இதற்கென்றே மடித்து வைத்திருக்கும் வெள்ளைக் கைக்குட்டையில். “கை கலீஜா இருந்தா கத உள்ள எறங்காது மாமு” என்பார். பக்க அடையாளத்துக்குப் பழைய கேட் சீட்டு ஒன்று. பக்கத்து மூலையை மடிக்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. நான் மடிக்கிறவன். ஆனாலும் பதினோரு வருடமாக என்னைச் சகித்துக்கொண்டிருக்கிறார்.

புத்தகத்தின் நீளத்தை அவர் பக்கத்தில் சொல்வதில்லை. “எல்லையம்மன் கோயிலாண்ட புடிச்சா காசிமேட்டுல முடிஞ்சிரும்” என்றால், வரிசை அந்தத் தூரம் நகர்வதற்குள் படித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். “இது நாலு கேட்டு தாங்கும்” என்றால் நான்கு முறை வரிசையில் நின்று படிக்க வேண்டிய அளவுக்குத் தடிமன் என்று அர்த்தம். துறைமுகத்துக்குள் போக ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஆகும், ஒரு நாள் எட்டு மணி நேரம் ஆகும். மற்ற டிரைவர்கள் கேட்டைத் திட்டுவார்கள். இவர், நல்ல கட்டத்தில் இருக்கும்போது வரிசை சரசரவென்று நகர்ந்துவிட்டால், அதைத் திட்டுவார்.

இருக்கைக்குப் பின்னால் படுக்கிற பலகையில் அவருடைய புத்தகங்கள் நிற்கும். வந்த தேதிப்படி வரிசை. எது முதலில் வந்ததோ அதற்குத்தான் முதல் முறை. பின்னால் வந்தது எவ்வளவு ருசியாக இருந்தாலும் முந்த முடியாது. “நானு ஆறு அவரு வரிசைல நிக்கிறேன். எவனாவது சைடுல பூந்தா எனக்கு எப்டி கீது? புஸ்தகத்துக்கும் அப்டித்தான இருக்கும்” என்பது அவர் வாதம். இன்னொரு சட்டமும் உண்டு. “டீ குடிக்கறதுக்குன்னு வண்டிய வெளிய ஒடிச்சன்னு வெச்சிக்கோ, திரும்பி வந்தா வாலுக்குத்தான் போவணும்.” பாதியில் விட்ட புத்தகமும் அப்படித்தான், பலகையின் கடைசிக்குப் போக வேண்டும். அவர் வண்டி ஓட்டத் தொடங்கி இருபத்தெட்டு வருடங்களில் ஒரு புத்தகம்கூட அந்த வாலுக்குப் போனதில்லை. எதையும் அவர் பாதியில் விட்டதில்லை.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஊறுகாய்ப் புத்தகம் ஒன்றை நூறு வகையும் விடாமல் படித்தவர் அவர். வீட்டில் அவர் மனைவி அஜீசா அக்கா இன்னமும் மாங்காயைத் தவிர வேறெதிலும் ஊறுகாய் போட்டதில்லை. ஒரு துப்பறியும் கதையில் கடைசி எட்டுப் பக்கம் கிழிந்துபோயிருந்தது. ஏழு மாதம் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து வேறு பிரதி கண்டுபிடித்தார். கொலைகாரன் யார் என்று ஊகித்துவிட்டதாக முதல் மாதமே என்னிடம் சொல்லியிருந்தார். ஊகம் சரிதான். “அப்புறம் எதுக்கு பாய் இந்த அலைச்சல்?” என்று கேட்டேன். “நான் சொல்றது வேற, அவன் சொல்றது வேற” என்றார்.

நான் இதற்கு நேர் எதிர். சாத்தாங்காடு பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. முப்பது பக்கம் பார்ப்பேன். அதற்குள் இழுக்கவில்லை என்றால் மூடிவிடுவேன். இருக்கிற ஆயுசு கொஞ்சம், அதில் போர் அடிக்கிற புத்தகத்துக்கு என்ன பங்கு? இதை அவரிடம் சொன்னால் சிரிப்பார். “ஒருத்தன் குந்திகினு எளுதிக்கிறான். மூணு வருசமோ நாலு வருசமோ. அவன் பேசிகினு இருக்கும்போதே எந்திரிச்சிப் போறியே, உனக்கு மெய்யாலுமே கூச்சமா இல்லியா?”

எனக்குக் கூச்சமாக இருந்த நாள் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் சண்முகவேல் அண்ணாச்சி தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். ‘ஆறுமுகநேரி முதல் சாத்தாங்காடு வரை’ என்று பெயர். அறுநூற்று எட்டுப் பக்கம், கெட்டி அட்டை. இரும்புக்காரர் அல்லவா, தராசில் வைத்துப் பார்த்துவிட்டு “தொள்ளாயிரத்து நாப்பது கிராம்” என்று பெருமையாகச் சொல்வார். இரண்டு வருடத்துக்கு முன்பு திருவொற்றியூர் மண்டபத்தில் அவருக்கும் ராமசெல்வி அக்காவுக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் அந்தப் புத்தகம் இருந்தது. முந்நூறு பிரதி. எனக்கு ஒன்று, அமீர் பாய்க்கு ஒன்று.

நான் பத்தொன்பது பக்கம் படித்தேன். அதில் ஆறு பக்கம், அவருடைய அக்கா கல்யாணத்துக்கு வந்தவர்களின் பெயர்கள். மூடி எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே வைத்தேன். திரை கண்ணுக்கு நேராக உயர்ந்தது, கழுத்து வலி நின்றது. அந்த வகையில் எனக்கு அது பயன்பட்ட புத்தகம்தான்.

ஆனால் அண்ணாச்சி விடமாட்டார். யாரைப் பார்த்தாலும் “எத்தனாம் பக்கம் வந்திருக்கிய?” என்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கடைக்குள் யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, “பதினேழாம் அத்தியாயம் வாசிச்சாச்சா?” என்பார். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் அவர் முகம் வியாபாரி முகமாக இருக்காது. நான் என்ன செய்வேன்? “அதுதான் அண்ணாச்சி புத்தகத்துக்கே உச்சம்” என்று சொல்லிவைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. முந்நூறு பேரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அமீர் பாய் மட்டும் பொய் சொல்லவில்லை. “வரிசைல கீது அண்ணாச்சி. வந்துகினே கீது” என்றே இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். பலகையில் அதற்கு முன்னால் முப்பத்தேழு புத்தகங்கள் நின்றன. போன தை மாதம் அதன் முறை வந்தது.

வந்ததும் பாய் பட்ட பாடு இருக்கிறதே, அதை நான் கண்ணால் பார்த்தேன். “இன்னா மாமு, ஒரே இரும்பு ஆங்கிளு சேனலாவே கீது” என்று முதல் வாரம் சொன்னார். இரண்டாம் வாரம், “சொன்னதையே சொல்றாரு. கடைக்கு ஷட்டர் போட்டத மூணு தபா சொல்லிட்டாரு.” மூன்றாம் வாரம் பேச்சே குறைந்துவிட்டது. பத்துப் பக்கத்துக்கு ஒரு கமர்கட் என்று தனக்குத்தானே கூலி வைத்துக்கொண்டு படித்தார். “வுட்டுத் தொலையேன் பாய்” என்றேன். “அண்ணாச்சி நம்மகிட்ட தாயா புள்ளையா பளகறவரு. அவரு வாய்க்கு முன்னால நானு எந்திரிச்சிப் போமாட்டேன்” என்றார். நல்ல மனுஷன், வேண்டாத பிடிவாதம்.

ஐந்தாம் வாரம் ஒரு முற்பகல், யார்டில் பெட்டியை இறக்கக் கொடுத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். புத்தகத்தைத் தொப்பென்று வைத்தார்.

“பதினேழாவது சாப்டர் உச்சம்னு அண்ணாச்சியாண்ட சொன்னியே. முன்னூத்தி அம்பத்திரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் இன்னா கீது, சொல்லு.”

“முன்னூத்தி அம்பத்து மூணு.”

“அதான் இல்ல.” விரித்துக் காட்டினார். முந்நூற்று ஐம்பத்திரண்டுக்கு அடுத்த பக்கம் மறுபடியும் முந்நூற்று முப்பத்தேழு. பதினாறு பக்கம் அப்படியே இரண்டாம் தடவை வந்திருந்தது. மார்க்கெட் சங்கத் தேர்தல், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் எல்லாம் முதலிலிருந்து. அது முடிந்ததும் நேராக முந்நூற்று அறுபத்தொன்பது. அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாக மடித்து அடுக்குவார்கள், அதற்குப் பாரம் என்று பெயர். ஒரு பாரத்தை இரண்டு முறை வைத்துவிட்டு, அடுத்ததை விட்டுவிட்டார்கள். விடுபட்டது முழுக்க முழுக்கப் பதினேழாம் அத்தியாயம். உள்ளடக்கத்தில் ‘இல்லறம்’ என்று அதற்குப் பெயர் மட்டும் இருந்தது.

என் கம்ப்யூட்டர் திரையைத் தூக்கி, அடியிலிருந்த பிரதியை பாய் உருவினார். அதிலும் அப்படியேதான். “ஒண்ணுன்னா தப்பு. ரெண்டும் அப்டின்னா மொத்தமும் அப்டித்தான்” என்றார். முந்நூறு பிரதி, இரண்டு வருடம், அண்ணாச்சியிடம் ஒருவர்கூட வந்து சொல்லவில்லை. அண்ணாச்சியும் அச்சான புத்தகத்தைத் திறப்பதில்லை. பிழை கண்ணில் பட்டால் தூக்கம் போய்விடும் என்று பயம். இல்லாத அத்தியாயத்தைத்தான் நான் உச்சம் என்று புகழ்ந்திருந்தேன். பாய் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை, என் பிரதியின் தூசியைத் துடைத்து மறுபடியும் திரைக்கு அடியிலேயே வைத்தார். அன்றைக்குத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

முந்நூற்று அறுபத்தொன்பதின் உச்சியில், அந்த அத்தியாயத்தின் வால் இரண்டு வரி மிச்சம் இருந்தது. ‘என்று நேரில் ஒருநாளும் நான் சொன்னதில்லை. இனியும் சொல்ல வாய் வருமா தெரியவில்லை.’ பாய் அந்த இரண்டு வரியை எனக்கு வாசித்துக் காட்டினார். “இன்னாத்த சொன்னதில்ல? அது தெரியாம நானு எப்டி மாமு அடுத்த பக்கம் போறது?”

“சும்மா விடு பாய். கேட்டா, ஒருத்தரும் படிக்கலைன்னு அவருக்குத் தெரிஞ்சு போகும். மனுஷன் ஒடஞ்சிடுவாரு” என்றேன். என் மானமும் அதில் இருந்தது என்பதை அவர் அறியாதவரா என்ன.

“அத்தத்தான் நானும் யோசிக்கிறேன்” என்று போய்விட்டார்.

அடுத்த எட்டு நாள் பாயைப் பார்க்கச் சகிக்கவில்லை. தாண்டிப் படிக்க மாட்டார், அது அவர் வழக்கமில்லை. அடுத்த புத்தகத்தைத் தொடவும் மாட்டார், முன்னது முடியவில்லையே. மொத்த வரிசையும் நின்றுபோயிற்று. கேட்டில் ஐந்து மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். முன்வண்டிக்காரனிடம் சண்டை போட்டார். ஹாரன் அடித்தார். அமீருதீன் ஹாரன் அடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “கெளம்பு. அண்ணாச்சி வூட்டுக்குப் போறோம். என் காப்பில மட்டும் பாரம் மாறிக்கீதுன்னு சொல்லிடறேன். கைல எளுதின நோட்ட வாங்கி அந்த ஒரு சாப்டர மட்டும் படிச்சிட்டுக் குடுத்துடறேன். அவருக்கும் தெரியாது, எனக்கும் முடிஞ்சிரும்.”

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் அண்ணாச்சி வீடு. பாய் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு முகம் பூத்துவிட்டது. “அப்ப பதினாறு அத்தியாயமும் வாசிச்சிட்டியளா? அதுக்கென்ன பாய், அச்சடிச்சவன் ஒண்ணு ரெண்டுல தப்பு பண்ணியிருப்பான். வேற காப்பி தாரேன். நோட்டு என்னத்துக்கு?” என்று எழுந்து அலமாரிக்குப் போனார். பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அலமாரி நிறைய, கொடுத்தது போக மிஞ்சிய அதே புத்தகம், அத்தனையிலும் அதே பிழை. அவர் கையில் ஒன்றை எடுத்துவிட்டார். இன்னும் புரட்டத்தான் பாக்கி.

காபி டம்ளர்களோடு வந்த ராமசெல்வி அக்கா, “எதைத் தேடுதிய?” என்றார். விஷயத்தைக் கேட்டதும், தட்டைக் கீழே வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: “தேர்தல் கதை ரெண்டு தடவ வருதே, அதா? அது எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கு. என் புத்தகத்துலயும் அப்படித்தான்.”

அண்ணாச்சி புத்தகத்தைப் பிடித்தபடி நின்றார். “நீ வாசிச்சியா?”

“ஏன், எனக்கு எழுத்து தெரியாதாக்கும்? அறுபதாம் கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே ஆரம்பிச்சிட்டேன். அறுநூத்தி எட்டும் வாசிச்சேன்.”

“ரெண்டு தடவ வந்திருக்கேன்னு நீ சொல்லலியே.”

“நீங்க வீட்ல எதத்தான் ஒரு தடவ சொல்லியிருக்கிய?” என்றார் அக்கா. பாய்க்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு மேலே பேசினார். “உள்ளடக்கத்துல ‘இல்லறம்’னு பாத்தேன். சரி, நம்ம கதை இங்கனதான் வருதுன்னு, நடுவுல பிரிக்காம மொதல்லருந்து வரிசையா வாசிச்சுகிட்டு வந்தேன். அந்த எடம் வந்தா ஒண்ணுமில்ல. இவுகதான் எழுதிட்டு, பெறகு வேண்டாம்னு எடுத்துட்டாக, பக்கத்த நெரப்ப முந்தினதையே திருப்பிப் போட்டிருக்காகன்னு நெனச்சேன். கடைசி பக்கம் வரைக்கும் தேடுனேன். லோடு எறக்குறவுக பேரெல்லாம் இருக்கு. எம்பேரு எங்கனயும் இல்ல. ரெண்டு வரி மட்டும் ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு, சொன்னதில்ல, சொல்ல வாய் வருமான்னு. அந்த என்னத்தையோவும் எடுத்துட்டாகளேன்னு மூடி வச்சிட்டேன்.”

அண்ணாச்சி பக்கங்களைப் புரட்டினார். முந்நூற்று ஐம்பத்திரண்டைப் பார்த்தார், முந்நூற்று முப்பத்தேழைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் பார்த்தார்.

“நான் ஒண்ணையும் எடுக்கல செல்வி” என்றார். “உன்னப் பத்தி மொத்தத்தையும் அதுலதான் வச்சிருந்தேன். ரெண்டு வருசமா நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஊரெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுது, நீ மட்டும் சொல்லலியே, உனக்குப் பிடிக்கலயாக்கும்னு நெனச்சேன்.”

எனக்கு உட்கார முடியவில்லை. “அண்ணாச்சி, நான் பத்தொன்பது பக்கம்தான் படிச்சேன். மன்னிச்சிடுங்க” என்று எழுந்து சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எந்தச் செய்தியில் அவர் உடைந்துவிடுவார் என்று நாங்கள் எட்டு நாள் பயந்தோமோ, அது அவர் காதிலேயே விழவில்லை.

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட நீள நோட்டு ஒன்றோடு வந்தார். அக்காவுக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு நிமிஷம் நின்றார். கல்யாணமாகி முப்பத்தேழு வருடம். இன்னமும் நேராக அக்கா கையில் கொடுக்க அவருக்கு வெட்கம். “பாய்தான கேட்டாரு” என்று முணுமுணுத்துக்கொண்டு பாயிடம் நீட்டினார்.

அமீர் பாய் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். நோட்டை வாங்கினார். உறையைப் பிரித்து, பதினேழு என்று போட்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். ஏழு மாதம் எட்டுப் பக்கத்துக்காக அலைந்தவர். பதினாறு பக்கமும் இப்போது கையில். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். முதல் வரியில் கண் விழுவதற்குள், கையை நடுவில் வைத்து மூடிவிட்டார்.

“அக்கா, வரிசைன்னா வரிசைதான். எனக்கு முன்னாடி ரெண்டு வருசமா நீங்க நின்னுகினு கீறீங்க” என்று, கை வைத்திருந்த அந்த இடத்தைப் பிரித்து அக்கா கையில் கொடுத்தார். என் தோளைத் தட்டினார். காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

ஒரு மாதம் கழித்து, மீஞ்சூரிலிருந்து வருகிற வழியில் அவர் வண்டியில் ஏறிக்கொண்டேன். எல்லையம்மன் கோயிலுக்கு முன்னாலேயே வரிசையில் மாட்டிக்கொண்டோம். அண்ணாச்சி போன் செய்தாராம், நோட்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி. “அக்கா முடிச்சிட்டாங்களான்னு கேட்டேன். மூணாந்தபா படிச்சிகினு கீறாங்களாம்” என்றார்.

“அப்ப நீ எப்ப படிக்கப் போறே?”

பாய் பின்னால் கை நீட்டி, பலகையின் முதல் இடத்தில் நின்ற அந்தத் தொள்ளாயிரத்து நாற்பது கிராமை எடுத்தார். கேட் சீட்டு இன்னும் முந்நூற்று ஐம்பத்திரண்டில்தான் இருந்தது. அதை வெளியே எடுக்காமல், நுனி மடங்காதபடி உள்ளே சரியாகத் தள்ளிவிட்டார். வெள்ளைக் கைக்குட்டையால் அட்டையை ஒருமுறை துடைத்தார். முன்வண்டி ‘புஸ்’ என்றது. பின்னால் ஹாரன் கேட்டது. அவர் அவசரப்படவில்லை. இருக்கையில் முழங்காலை ஊன்றி எக்கி, புத்தகத்தைக் கொண்டுபோய் வரிசையின் வாலில் நிறுத்தினார்.